பத்தாவது பாஸ், பட்டறை வேலை, கூடவே பிளஸ் டூ: ஒரே நேரத்தில் நடக்குமா?

மே 18, 2025, காலை – திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

அக்கா மகன் பத்தாவது பாஸ். மார்க் சுமார்தான். அக்கா பீடி சுற்றுகிறாள், அத்தான் இல்லை. பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், "பயல அனுப்பி வைங்க, தினம் 250 தாரேன், தொழிலும் படிச்ச மாதிரி இருக்கும்" என்கிறார். பையனுக்கும் ஆசை. ஹெட்மாஸ்டரோ பிளஸ் ஒன்னில் சேர் என்கிறார். ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்க்கொண்டு கம்பெனியில் சம்பளத்தோடு தொழிலும் கற்கிறார்களாமே. நம் பக்கம் அப்படி வழி இருக்கிறதா, இல்லை இரண்டில் ஒன்றுதானா?

மே 18, மதியம்

வழி இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி சொல்வது அந்த வழி இல்லை. அவர் கேட்பது கையாள். கையாளாகப் போவது குற்றமில்லை, நானும் போனவன்தான். அதைத் தொழிற்பயிற்சி என்று நம்பி மட்டும் அனுப்பாதீர்கள். இரவு விரிவாக எழுதுகிறேன், கடையில் ஆள் இல்லை.

மே 18, இரவு

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்துதான் என் அபிப்பிராயமெல்லாம் வருகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் படித்தேன். ஜெனரல் மெஷினிஸ்ட். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே இந்தப் பிரிவும் கூடவே வந்தது. தமிழ், இங்கிலீஷ் எல்லாருக்கும் உள்ளதுதான். மிச்ச நேரம் தியரி, பிராக்டிகல். பள்ளி ஒர்க்‌ஷாப்பில் பழைய லேத் உண்டு, வாத்தியார் நல்லவர், ஆனால் மெட்டீரியல் வாங்கக் காசு வராது. ஒரே கம்பியை வகுப்பு முழுக்கக் கடைந்து கடைந்து கடைசியில் பென்சில் கனத்துக்கு வந்துவிடும். அதனால் பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போவேன். வாத்தியாரே சேர்த்துவிட்ட இடம். மாலை இரண்டு மணி நேரம், சனிக்கிழமை முழு நாள்.

இதில் கற்றது அதிகம். வெர்னியரில் அளவு பார்க்கப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அளவு தப்பினால் என்ன ஆகும் என்று பட்டறையில்தான் தெரிந்தது. பம்ப் செட் ஷாஃப்டில் ஒரு நூல் அதிகமாகக் கடைந்துவிட்டால் பேரிங் லொடலொடவென்று ஆடும், விவசாயி அடுத்த நாள் காலையில் வாசலில் நிற்பார். அந்தப் பயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

என்னோடு அதே பட்டறையில் இன்னும் சிலர் இருந்தார்கள், எல்லாரும் அதே வயசு. அவர்களில் பள்ளியை விட்டவர்கள் யாரும் படிப்பு வரவில்லை என்று விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வரும். அதை வாங்கிப் பழகின பையனுக்குத் திங்கட்கிழமை பள்ளி பெஞ்சில் உட்கார முடியாது. முதலில் திங்கள் ஒரு நாள் மட்டம். அப்புறம் காலாண்டுப் பரீட்சை. முதலாளியும், "ஏலே, பரீட்சை எழுதி என்ன கலெக்டராவா ஆகப்போற, இந்த ஆர்டர முடிச்சிட்டுப் போ" என்பார். வீட்டிலும் அந்தக் காசுக்கு ஒரு செலவு ரெடியாக இருக்கும்.

நான் விடாததற்குக் காரணம் எனக்குக் கிடைத்தது மாசம் ஒருமுறை, அதுவும் என் கையில் இல்லை. வாத்தியார் முதலாளியிடம் பேசி, என் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வாத்தியார் மேல் எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

படிப்பையும் சம்பள வேலையையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்பதில், எத்தனை மணி நேரம் என்பதைவிட, காசு எப்படி வருகிறது என்பது முக்கியம் என்று அப்போதிருந்தே நினைக்கிறேன். வாரக்கூலியாகக் கையில் வந்தால் படிப்பு போகும். மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கில், எழுத்தில் போட்ட ஒப்பந்தப்படி வந்தால் படிப்பு நிற்கும்.

மே 19

சரி, வழிகள். மூன்று இருக்கின்றன. மூன்றிலும் கைவசம் வரும் காசு அண்ணாச்சி சொல்கிற அளவுக்கு வராது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு: இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. பேசிக் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல், வேளாண் அறிவியல், நர்சிங், அலுவலக மேலாண்மை மாதிரி. காசு வராது. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். நான் படித்த பள்ளியில் வாத்தியார் ஓய்வு பெற்றதும் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள், லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதனால் போய்ச் சேரும் முன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டில் துரு இருந்தால் வந்துவிடுங்கள்.

ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம்: உங்கள் அக்கா மகனுக்கு நான் சொல்வது இதுதான். பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது, அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறது. முக்கூடலிலிருந்து இரண்டுமே பஸ் தூரம், பஸ் பாஸ் இலவசம். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, வரைபடக் கருவி, புத்தகம் எல்லாம் அரசே தருகிறது. ஃபிட்டர், டர்னர் (லேத்தில் கடைபவர்), மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம், பத்தாவது பாஸ் வேண்டும். வெல்டர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம், இவை இரண்டுக்கும் எட்டாவதே போதும். பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 தனியாக வரும். 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தது, ஐடிஐ-க்கும் உண்டு. ஆக 1750, வங்கிக் கணக்கில், மாதாமாதம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பத்தாவதுக்கு அப்புறம் இரண்டு வருட ஐடிஐ முடித்துவிட்டு, பிளஸ் டூ தமிழ், இங்கிலீஷ் தாள் மட்டும் எழுதிப் பாஸ் செய்தால் பிளஸ் டூவுக்குச் சமம். எட்டாவதோடு ஐடிஐ போனவர்கள் அதே மாதிரி பத்தாவது மொழித்தாள் எழுதிப் பாஸ் செய்தால் பத்தாவதுக்குச் சமம். 2022-ல் இதற்கு அரசாணை வந்தது. அதனால் "ஐடிஐ போனா பிளஸ் டூ போச்சே" என்ற கவலை பாதி பழைய கவலை. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டும் ஐடிஐ-யிலிருந்து நேராகப் போகலாம்.

அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியில் ஒப்பந்தம் போட்டு உதவித்தொகையோடு தொழில் கற்பது: பத்தாவதை வைத்தே நேராகச் சேர முடியும். கூடவே தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ பதிவு செய்து எழுதலாம்; பதிவு ஐந்து வருடம் செல்லும், வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை, பாடத்தைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். கேட்க அழகாக இருக்கிறது. வேலை முடிந்து வந்து கேட்பாரில்லாமல் பதினாறு வயசுப் பையன் தானே உட்கார்ந்து படிப்பானா? சிலர் படிப்பார்கள். என் மகன் படிக்க மாட்டான்.

மே 20, காலை

நேற்று ஒருவர் "அப்ரண்டிஸ் என்றால் கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை: ஐந்து முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் 5000, பத்தாவதுக்கு 6000, பிளஸ் டூ அல்லது ஐடிஐ-க்கு 7000, டிப்ளமோ 8000, டிகிரி 9000. இரண்டாம் வருடம் 10 சதவீதம், மூன்றாம் வருடம் 15 சதவீதம் கூடும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடம் விருப்பப்பட்டால் எடுக்கலாம். உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 வரை, மத்திய அரசு தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணாச்சியின் 250, மாதம் 26 நாளுக்கு 6500. சட்டப்படி பத்தாவது படித்த அப்ரண்டிஸுக்கு 6000. வித்தியாசம் 500 ரூபாய். அந்த 500-ஐ விட்டால் என்ன கிடைக்கிறது? பதிவு செய்த ஒப்பந்தம். 18 வயது ஆகாததால் அம்மா கையெழுத்துப் போடவேண்டும், அதாவது அம்மாவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. அடிபட்டால் நஷ்ட ஈடு. முடிவில் பரீட்சை, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். அண்ணாச்சியிடம் பத்து வருடம் இருந்தாலும் ஒரு துண்டுக் காகிதம் வராது. வேறு ஊருக்குப் போய், "நான் டர்னர்" என்றால் முதல் ஆறு மாதம் மறுபடியும் கையாள்தான்.

ஆனால் ஒன்று. அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வருடம் கழித்துக் கம்பெனி வாசலில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மே 20, பிற்பகல்

"முதல் ஆறு மாதம் டீ வாங்குவதுதான் பயிற்சி, அதைச் சொல்லவில்லையே" என்று கேட்டவருக்கு: டீ மட்டுமா? எனக்கு வடையும் உண்டு. ஆளுக்கு ஒரு சட்னி. இன்றைக்கும் எட்டுப் பேர் ஆர்டரை எழுதாமல் ஞாபகம் வைப்பேன், அந்த ஸ்கில்லுக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை.

மே 20, இரவு

வயது விஷயத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டிருக்கிறார்கள்: 18 ஆகாமல் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்கிறார் ஒருவர், 14 ஆனால் எங்கேயும் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பாதி சரி. 14-க்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற ஒரு விலக்கு 2016 திருத்தத்தில் இருக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது: சுரங்கம், வெடிமருந்து மாதிரி. அப்ரண்டிஸ் சட்டத்திலும் பொதுவாக 14, ஆபத்தான தொழில் என்றால் 18. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி (2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது) பத்து பேரோ அதற்கு மேலோ இருந்து கரண்டில் இயந்திரம் ஓடினால் அது தொழிற்சாலை. அங்கே 15 முதல் 18 வரை உள்ளவருக்கு டாக்டரின் உடல்தகுதிச் சான்று வேண்டியிருந்தது. 17 ஆகும்வரை காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வேலை வாங்கக்கூடாது என்று இருந்தது.

ஓடுகிற இயந்திரத்தை 18 ஆகாதவரைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ வைத்து அடிபடும் நிலையில் நிறுத்தக்கூடாது என்பதும் அதே 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நம்மூர்ப் பட்டறைகளில் சின்னப் பையன் முதலில் செய்யும் வேலையே அதுதான். "வேஸ்ட் துணிய எடுத்துத் தொடடா." லேத் சுற்றிக்கொண்டே இருக்கும், இரும்புச் சுருள் சூடாகத் தெறிக்கும், துணியின் ஒரு நூல் சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுற்றும் தலையில்) மாட்டினால் போதும், கை கூடவே போகும். என் கூட இருந்தவன் ஒருவனுக்கு மோதிர விரல் நுனி போனது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார், ஆயிரமோ என்னமோ கையில் கொடுத்தார், கதை முடிந்தது. சின்னப் பட்டறை, ஐந்து பேர், சட்டப்படி தொழிற்சாலையே இல்லை. எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

அதனால் பையனை அனுப்புகிறவர்கள் சம்பளம் கேட்கும் முன் ஒரு நாள் போய்ப் பட்டறையில் நின்று பாருங்கள். சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்கிற பட்டறையா? முழுக்கைச் சட்டையோடு நிற்கிறார்களா? கண்ணாடி போட்டிருக்கிறார்களா? மூன்றைப் பார்த்தால் போதும்.

மே 22

ஜெர்மனி. என் மாமா பேரன் அங்கே இருக்கிறான், பேசும்போது விசாரித்தேன். முக்கியமான வித்தியாசம் வரிசை. நம்மூரில் பள்ளி முதலில், வேலை அப்புறம். அங்கே பையன் முதலில் ஒரு கம்பெனியைப் பிடித்து ஒப்பந்தம் போடுகிறான், மூன்று அல்லது மூன்றரை வருடத்துக்கு. அப்புறம்தான் தொழிற்பள்ளி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மிச்ச நாள் கம்பெனி. சம்பளம் மாதாமாதம், வருடாவருடம் கூடும். இறுதித் தேர்வை நடத்துவது கம்பெனியும் இல்லை, பள்ளியும் இல்லை, வணிகச் சபை. 1969-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இங்கேயும் ஐடிஐ-யில் அதைப் பார்த்து ஒன்று செய்தார்கள், டூயல் சிஸ்டம் என்றே பெயர். கொஞ்ச காலம் ஐடிஐ, கொஞ்ச காலம் தொழிற்சாலை. சேரும்போது அந்த யூனிட் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து சிமெண்ட் ஆலை, கூடங்குளம், மகேந்திரகிரி என்று நாலைந்து பெரிய இடம் போக, நம் ஜில்லா முழுக்க ஐந்து பேர், பத்து பேர் பட்டறைதானே. வாரம் இரண்டு நாள் பையனைப் பள்ளிக்கு விடச் சொன்னால் என் மாதிரி முதலாளி முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியும். நான் விடுவேன் என்று இங்கே எழுதுவது சுலபம். தீபாவளிக்கு முந்தின வாரம் கேட்டுப் பாருங்கள்.

மே 23

"இது குலக்கல்வியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவது" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். அவர் கோபத்தைத் தள்ளிவிட மாட்டேன். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்கவேண்டும். அடுத்த வருடமே காமராஜர் வந்ததும் எடுத்தார்கள். என் தாத்தா அதைப் பற்றிப் பேசினால் வாயில் வராத வார்த்தை இல்லை.

ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. அது எட்டு வயசுப் பிள்ளைக்கு, இது பத்தாவது முடித்தவனுக்கு. அதில் தொழில் பிறப்பில் முடிவானது, இதில் பையன் பிடித்ததை எடுக்கிறான். அதில் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு யோசித்தால், பிடித்ததை எடுக்கிறான் என்று சும்மா சொல்லிவிட முடியாது. நம்மூரில் பட்டறையில் பையனைச் சேர்ப்பது எப்படி? தெரிந்த ஆள், சொந்தக்காரப் பயல், "நம்ம பக்கத்துப் பையன்தான் அண்ணாச்சி". அந்த "நம்ம பக்கம்" என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சில தெருப் பையன்கள் எந்தப் பட்டறையிலும் நுழைய முடியாது, சில தெருப் பையன்களுக்கு ஒரே தொழில்தான் திறந்திருக்கும். ஐடிஐ-யில் மார்க்கும் 69 சதவீத இடஒதுக்கீடும் பார்த்து இடம் போடுகிறார்கள், யார் மகன் என்று கேட்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பட்டறையைவிட ஐடிஐ-யை முன்னே வைப்பேன், அங்கே மெஷின் பழசாக இருந்தாலும் சரி. இப்போது 71 அரசு ஐடிஐ-களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது மெஷின் போட்டிருக்கிறார்கள், ரோபோட்டிக்ஸ், சிஎன்சி எல்லாம் வந்திருக்கிறது. பழசு என்று எல்லா இடத்தையும் சொல்லவும் முடியாது.

மே 28

இரண்டு நாளாகப் பேப்பரில் வருகிறதே, உதவித்தொகையைக் கூட்டப்போகிறார்கள் என்று. மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 36 சதவீதம் கூட்டச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறது. 5000–9000 என்பது 6800–12300 ஆகும். இப்போதைக்குப் பரிந்துரை மட்டும்தான், கம்பெனியில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

ரயில்வேயை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தெற்கு ரயில்வே பத்தாவது படித்தவர்களை நேராக அப்ரண்டிஸாக எடுக்கும். 15 வயது முடிந்திருக்க வேண்டும், 50 சதவீத மார்க் வேண்டும். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகளில் பயிற்சி. முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. வீட்டை விட்டுப் போகவேண்டும், அது ஒன்றுதான்.

ஜூன் 1

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். "நீங்கள் 1750 என்று சொல்வது சரி அண்ணாச்சி, அக்கா வீட்டில் அது அரிசிக்கே காணாது. ஆயிரம் பீடி சுற்றினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும். என் அம்மாவும் முறத்தை மடியில் வைத்துச் சுற்றினவள்தான். வாரக்கூலி கெடுக்கும் என்று மேலே எழுதியதை இன்றைக்கு எழுதினால் கொஞ்சம் மாற்றி எழுதுவேன். சம்பாதிக்கும் அப்பா வீட்டில் இருந்ததால்தான் என் வாத்தியாரின் ஏற்பாடு எனக்குப் பலித்தது. அந்தக் காசு வராவிட்டாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அது எரியாத வீட்டில் போய், "சனிக்கிழமைக் காசு வாங்காதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் ஐடிஐ-தான் என்பேன். ஐடிஐ நேரம் போக, ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அதே அண்ணாச்சியிடம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அண்ணாச்சியிடம் முதலிலேயே, பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிவிடுங்கள். காசை அக்கா போய் வாங்கட்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்கு வேண்டியது தொழில் கற்கும் பையன் இல்லை.

இன்னொன்று, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது, ஐடிஐ-க்கும் உண்டு. அக்கா பெயரில் பீடி அடையாள அட்டை இருக்கவேண்டும். நம் பக்கம் நிறைய வீட்டில் மாமியார் அட்டையில் மருமகள் சுற்றுகிறாள், அப்படி இருந்தால் கிடைக்காது. அட்டையை முதலில் பாருங்கள்.

ஜூன் 7

வள்ளியூர்க்காரர் ஒருவர் மகளுக்குக் கேட்கிறார். எல்லாம் பொருந்தும், ஐடிஐ-யில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு, புதுமைப்பெண் திட்டத்தில் அதே 1000. "பெண்பிள்ளை ஃபிட்டர் படித்து என்ன செய்ய" என்று கேட்கிறவர்கள் ஒருமுறை கங்கைகொண்டான் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நில்லுங்கள். சோலார் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி இறங்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "பயிற்சி" என்ற பெயரில் தூரத்து ஊர் மில்லுக்குக் கூட்டிப்போக ஏஜெண்ட் வருவார். மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தொகை என்று சொல்வார். சுமங்கலித் திட்டம் என்று ஒரு காலத்தில் நம் தென் ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் கொண்டுபோனார்கள். பாதியில் உடம்பு சரியில்லாமல் வந்தவர்களுக்கு மொத்தத் தொகையும் போச்சு, பள்ளியும் போச்சு. கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அது பயிற்சி இல்லை. அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள், பதிவு எண் இருக்கும்.

ஜூன் 15

தலைப்பை விட்டுத் தள்ளிப் போகிறோம், இருந்தாலும் தொழிற்பள்ளி நம் பக்கம் அந்தக் காலத்திலேயே இருந்ததுதானே என்று நாசரேத்துக்காரர் கேட்டதற்காக. ஆமாம், பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இது ஒன்றும் புதுசு இல்லை. நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் 1878-ல் தொழிற்பள்ளி ஆரம்பித்தார். தச்சு, இரும்பு வேலை, தையல் எல்லாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டு பீரோ அங்கே செய்தது. கதவு இன்னும் சத்தமில்லாமல் சாத்துகிறது. அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் பீரோவைத்தான் காட்டுவார்.

இதற்குப் பதிலாக அல்வாக் கடையில் அப்ரண்டிஸ் எடுப்பார்களா என்று கேட்டவருக்கு: கிண்டுவதற்குத் தோள் வேண்டும், தம்பி. உங்கள் படத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10

மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகியிருக்கிறது. இந்த வருடத்திலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது நல்லதுதான், ஒரு வருடமாவது பிராக்டிகலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பள்ளிகள் அந்த நேரத்தையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி நடத்தப் பயன்படுத்தும் என்று ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவருக்கு உள்ளே நடப்பது தெரியும், நான் வாதம் பண்ணவில்லை.

முக்கூடல் பையன் பேட்டையில் டர்னர் சேர்ந்திருக்கிறான் என்று மாமா எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டுக்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பையன் இப்போது கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறானாம், முகூர்த்த நாளில் மட்டும். ஆவணி வரட்டும், பட்டறையைவிட அதில் அதிகம் சம்பாதிப்பான்.

இன்னும் சேராதவர்களுக்கு: கலந்தாய்வில் மிச்சமான ஐடிஐ இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். பத்தாவது மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பையன் பெயரிலேயே வங்கிக் கணக்கு. அம்மா கணக்கைக் கொடுத்தால் உதவித்தொகை ஏறாமல் நின்றுவிடும், அதனால் போகிற வழியிலேயே வங்கியில் ஆதாரை இணைத்துவிட்டுப் போங்கள்.